குளத்துக்கு முதலில் என்ன வேண்டும்? கோவைக் குளங்களை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் சாயங்காலம் நடப்பதற்குக் கூட்டம் வர ஆரம்பித்ததிலிருந்து, "எங்கள் ஊர்க் குளத்தையும் இப்படி ஆக்க முடியுமா?" என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். ஆக்கலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தொடாமலே விடுவது என்பதில்தான் ஒரு குளம் பிழைப்பதும் கெடுவதும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தினரும், குளப் பணியில் சேர வரும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கோவையிலிருந்து வருகின்றன. வேலை எந்த ஊர் ஏரிக்கும் ஒன்றுதான்.

கோவைக் குளங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நொய்யலில் இருந்து. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பெரியாறு, சின்னாறு போன்ற ஓடைகள் சேர்ந்து நொய்யலாகின்றன. ஆற்றின் குறுக்கே சின்னச் சின்ன அணைக்கட்டுகள். ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் ஒரு ராஜவாய்க்கால் பிரிந்து குளங்களுக்குப் போகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டின் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம் (முத்தண்ணன் குளம் என்றால்தான் பலருக்குத் தெரியும்) என்று போகும். உக்கடம் பெரியகுளம் நிறைந்தால் உபரி நீர் வாலாங்குளத்துக்கு வரும். குறிச்சிக்கும் வெள்ளலூருக்கும் சிங்காநல்லூருக்கும் தனித்தனி அணைக்கட்டுகள் உண்டு.

இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் ஒன்று புரியும். இவற்றில் எதுவும் தனிக் குளம் இல்லை. மேலே இருப்பது நிறைந்து, கலிங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) வழியாக வழிந்தால்தான் கீழே இருப்பதற்குத் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்ததும் ஆற்றில் புது வெள்ளம் வரும். அந்தச் சில வாரங்களில் வாய்க்கால் திறந்திருக்க வேண்டும், மதகு வேலை செய்ய வேண்டும். தவறவிட்டால் வடகிழக்குப் பருவமழையை நம்பி உட்கார வேண்டியதுதான்.

எங்கள் குளத்தைச் சீரமைக்கப் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். முதல் வேலை எது?

குளத்துக்குள் இறங்காதீர்கள். வரத்து வாய்க்கால் ஓரமாக, அது தொடங்கும் இடம் வரை நடந்து போங்கள். எங்கே மண் மூடியிருக்கிறது, எங்கே யாரோ குழாய் போட்டுப் பாதை ஆக்கியிருக்கிறார்கள், எங்கே கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறது, எந்த வீதிச் சாக்கடை வந்து கலக்கிறது என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கலிங்கிலிருந்து கீழே, உபரி நீர் போகும் வழியையும் அதேபோல நடந்து பாருங்கள். வரும் வழி அடைபட்டால் குளம் காயும். போகும் வழி அடைபட்டால் மழைக்காலத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் வரும்.

இதற்கு வெள்ளலூர் குளம் நல்ல சாட்சி. பல ஆண்டுகளாக நொய்யல் தண்ணீர் எட்டிப் பார்க்காத குளம் அது. பக்கத்திலேயே ஆறு. இருந்தும் வாய்க்கால் தூர்ந்துபோய், அதன் மேல் ஆக்கிரமிப்புகள். 2017 முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி வேலை செய்துவரும் கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் அந்த வாய்க்காலைத்தான் முதலில் பிடித்தார்கள். வாய்க்கால் துப்புரவானதும் ஆற்றில் வந்த வெள்ளம் தானாகக் குளத்தில் இறங்கியது. கரையில் மரங்கள் வைத்ததும், வண்ணத்துப்பூச்சிகளுக்கென்று இடம் ஒதுக்கியதும் அதற்குப் பிறகு நடந்தவை. அந்த வரிசைதான் சரியான வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தூர் வாரினால் போதாதா?

போதாது. தண்ணீர் வரும் வழியைச் சரிசெய்யாமல் தூர் வாரினால் மிஞ்சுவது பெரிய பள்ளம்.

தூர் வாருவது தேவையான வேலைதான். 2013 கோடையில் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, சிறுதுளி போன்ற அமைப்புகளும் பொதுமக்களும் மாநகராட்சியுடன் சேர்ந்து வாரக் கடைசிகளில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடக் கூடையைத் தூக்கினார்கள். அந்த வேலையில் வெளியே போன மண்ணை விட, "இது நம்ம குளம்" என்று ஊர் நினைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. தூர் வாருவது என்ற பெயரில் கிராவல் அள்ளும் வேலையும் நடக்கிறது. எத்தனை யூனிட் மண், எவ்வளவு ஆழம், எங்கே கொண்டுபோகிறார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பொக்லைனை உள்ளே விடாதீர்கள்.

எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

படிந்த வண்டலை எடுக்கலாம். அதற்குக் கீழே இருக்கும் களிமண் அடுக்கை உடைக்கக் கூடாது, கரையின் அடியை ஒட்டித் தோண்டக் கூடாது. பாசனக் குளமாக இருந்தால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்ப் பயனில்லை. அங்கே நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் வைத்து வேலை செய்பவர்கள் குளத்தடியை ஒரே மட்டமாக, செங்குத்தான ஓரங்களோடு வெட்டிவிடுவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். பறவைகளுக்கு அந்தக் குளத்தில் வேலையே இல்லை. உள்ளான்களுக்குக் கால் நனையும் அளவு சேறு வேண்டும். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் முழங்கால் ஆழத்தில் நடந்து மேயும். புள்ளிமூக்கு வாத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆழம். முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் மூழ்கி மீன் பிடிக்கும் அளவுக்குத் தண்ணீர் தேவை. ஆகவே கரையிலிருந்து நடுவை நோக்கி மெல்லச் சரியும் தரை வேண்டும், நடுவில் ஓரிரண்டு ஆழமான கசங்கள் வேண்டும், மண்ணைக் குவித்த திட்டு ஒன்றிரண்டு இருந்தால் இன்னும் நல்லது. திட்டைச் சுற்றி எப்போதும் தண்ணீர் நின்றால் நாயும் ஆளும் எளிதில் போக முடியாது. அங்கே பறவைகள் நிம்மதியாக அடையும்.

அள்ளிய வண்டலை வயலுக்குப் போடலாமா?

கிராமத்துக் குளம் என்றால் தாராளமாக. நீர்நிலைகளில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டம் செய்பவர்களுக்கும் அரசு இலவச அனுமதி தருகிறது. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

நகரத்துக் குளம் என்றால் பொறுங்கள். சாக்கடையோடு சாயப்பட்டறை, மின்முலாம் பட்டறைக் கழிவுகளும் வருடக்கணக்கில் வந்து படிந்த சேறு அது. மண் பரிசோதனையில் கன உலோகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் காய்கறித் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கோடையிலும் எங்கள் குளத்தில் தண்ணீர் தளும்புகிறது. நல்லதுதானே?

சந்தேகப்பட வேண்டிய விஷயம். மழைக்குளம் கோடையில் இறங்கும், சில வருடம் முழுக்க வற்றும். அது இயல்பு. வற்றினால் தரை வெடித்துக் காற்றோட்டம் பெறும், ஆடு மாடு மேயும், சேற்றில் தங்கிய கசடு மக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த மீன் வகைகளும் அந்த வருடம் ஒழியும். மே மாதத்திலும் குளம் நிறைந்தே இருக்கிறது என்றால், பெரும்பாலும் நம் வீட்டுக் குளியலறையும் சமையலறையும்தான் அதை நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

சாக்கடை நீர் குளத்தில் செய்யும் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மனிதக் கழிவிலும் சோப்பிலும் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பாசி கொழிக்கும், தண்ணீர் பச்சை பெயிண்ட் கரைத்த மாதிரி ஆகும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் வெளியிடுவது நின்றுபோகும், சுவாசிக்க எடுத்துக்கொள்வது மட்டும் தொடரும். கழிவை மக்கச் செய்யும் கிருமிகளும் இரவெல்லாம் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மேகமூட்டமாக இரண்டு நாள் இருந்தால் செத்து மிதக்கும். "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்று ஊரில் பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காலைகளில்தான்.

அப்படியானால் சாக்கடையை எப்படித் தடுப்பது?

பாதாளச் சாக்கடை இணைப்பு முதல் வழி. கோவையில் உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் நிலையம் இருந்தால் மட்டும் ஆகாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குழாய் அதில் சேர வேண்டும். சேராத வீட்டுத் தண்ணீர் மழைநீர் வடிகாலில் விழுந்து நேரே குளத்துக்கு வருகிறது.

இணைப்பு முழுமை அடையும் வரைக்கும் குளத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் சிறிய தடுப்புக் குட்டை கட்டலாம். கசடு அதில் தங்கும். அடுத்ததாகச் சம்பு, கோரை, நாணல் வளர்ந்த ஆழமற்ற சதுப்பு வழியாகத் தண்ணீரை மெதுவாக விட்டால், செடிகளின் வேர்களில் வாழும் நுண்ணுயிர்கள் சத்துகளைக் கணிசமாகக் குறைக்கும். பெங்களூரு ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் இப்படிச் செடிகள் நிறைந்த சதுப்பைக் கடந்துதான் ஏரிக்குள் போகிறது. ஒரு எச்சரிக்கை: இந்தச் செடிகளை அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் மடிந்து, எடுத்த சத்தைத் திரும்பத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். பட்டறைக் கழிவுக்கு இந்த வழி செல்லாது. அதை உண்டாகும் இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

ஆகாயத்தாமரையை ஒரேயடியாக ஒழிக்க வழி உண்டா?

சாக்கடை வரும் வரை கிடையாது. நல்ல சத்துள்ள தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. விதை சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு காத்திருக்கும். இயந்திரம் வைத்து அள்ளுவது அடிக்கடி செய்ய வேண்டிய பராமரிப்பு வேலை, அவ்வளவுதான். அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால் அழுகி, சாறு மறுபடி குளத்தில் இறங்கும். அன்றன்றைக்கே அப்புறப்படுத்தி உரமாக்குங்கள். பூப்பதற்கு முன்பே அள்ளிவிட்டால் புது விதை விழாது. களைக்கொல்லி தெளிக்கவே வேண்டாம். மொத்தமாக மடிந்து அழுகும் செடி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும்.

குளத்தைத் தூக்கி நிறுத்தினால் கொசு பெருகாதா?

மீனும் தட்டான் பூச்சியும் இருக்கும் திறந்த நீர்ப்பரப்பில் கொசு பெருகுவது கடினம். கொசுவுக்குப் பிடித்தது தேங்கிய சாக்கடையும் களை அடர்ந்த ஓரமும். ஆகாயத்தாமரை வேரைப் பற்றிக்கொண்டே வளரும் ஒரு கொசு வகையும் உண்டு, அது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. டெங்கு கொசுவைத் தேடிக் குளத்துக்கு வர வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியிலும் பழைய டயரிலும் இருக்கிறது.

நடைபாதை, பூங்கா, படகு எல்லாம் வேண்டாம் என்கிறீர்களா?

நிச்சயமாக இல்லை. நெருக்கடியான நகரத்தில், காசு கொடுக்காமல் குடும்பத்தோடு உட்கார ஓர் இடம் என்பது சாதாரண விஷயமில்லை. உக்கடத்தில் சாயங்காலம் பாருங்கள். பூ மார்க்கெட் வேலை முடித்து வந்தவர்கள், புர்கா அணிந்த பெண்கள் குழந்தைகளோடு, வாக்கிங் போகும் ஓய்வு பெற்றவர்கள், செல்ஃபி எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோன கரை அது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, முத்தண்ணன் குளம், குறிச்சி எல்லாவற்றின் கரைகளும் மாறின. குறிச்சிக் கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் சிலையைப் பார்க்க வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். மக்கள் வந்து போகும் குளத்தில் ராத்திரியில் லாரியில் வந்து குப்பை கொட்ட யாருக்கும் துணிவு வராது. அதுவும் ஒரு பாதுகாப்பு.

என் மறுப்பு இரண்டு இடத்தில். ஒன்று, கரைக்குச் செலவிட்ட அளவு அக்கறை தண்ணீருக்கும் போக வேண்டும். டைல்ஸ் பளபளக்கும் பாதையில் நின்று நாற்றம் பிடிக்கும் தண்ணீரைப் பார்ப்பதில் என்ன பொழுதுபோக்கு? இரண்டு, குளத்தின் ஓரத்தைக் கல்லாலும் கான்கிரீட்டாலும் மூடுவது. தண்ணீரும் தரையும் சேரும் அந்த ஓரத்தில்தான் தவளை முட்டையிடுகிறது, தாழைக்கோழி கூடு வைக்கிறது, மீன்குஞ்சு ஒளிகிறது. பறவை ஆர்வலர்கள் இதைத் திட்டம் நடந்த காலத்திலேயே சொன்னார்கள். கரை சரியாமல் காக்கக் கல் பதிப்பு தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அலை மோதும் பிரதான கரைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் மண்ணாகவே கிடக்கட்டும்.

நான் கேட்பவர்களுக்குச் சொல்லும் கணக்கு எளிது. பாதையைக் குளத்தைச் சுற்றி வட்டமாகப் போடாதீர்கள். ஒரு பக்கம் மனிதர்களுக்கு, மறுபக்கம் பறவைகளுக்கு. மனிதர்கள் பக்கம் நடைபாதை, உட்காரும் திண்ணை, கழிப்பறை (இதை எப்போதும் மறந்துவிடுகிறார்கள், பெண்களும் முதியவர்களும் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் இது), சக்கர நாற்காலி போகும் சரிவு, குழந்தைகள் விளையாட இடம். பறவைகள் பக்கம் வேலி கூட வேண்டாம், பாதை இல்லாமல் இருந்தால் போதும். தூரத்திலிருந்து பார்க்க ஒரு மேடை.

படகு என்றால் மிதிபடகும் துடுப்புப் படகும் சரி. குளத்தின் ஒரு பகுதிக்குள் மிதவை கட்டி எல்லை வகுத்துவிடுங்கள். வலசைப் பறவைகள் தங்கும் நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த எல்லையை இன்னும் சுருக்குங்கள். மோட்டார் படகு வேண்டாம். ஆழமில்லாத குளத்தில் அது அடிச்சேற்றைக் கலக்கிவிடும், படிந்த சத்தெல்லாம் மறுபடி மேலே வரும்.

விளக்குகள்?

நடக்கும் பாதைக்குத் தாழ்வான, கீழ்நோக்கிய, மஞ்சள் விளக்கு. தண்ணீரின் மேல் வெளிச்சம் விழக் கூடாது. இரவு பத்து மணிக்கு அணைத்துவிடலாம். கலர் விளக்கும் ஒலிபெருக்கியும் திருவிழாவுக்கு இருக்கட்டும்.

பூங்கா இல்லாமல் குளத்தைக் காப்பாற்றிய உதாரணம் உண்டா?

சிங்காநல்லூர் குளம். சுமார் 288 ஏக்கர். 2017-ல் கோவை மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அதற்கு முன்பே உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் கல்லூரி மாணவர்களும் செடி, பூச்சி, பறவை, ஊர்வன என்று பட்டியல் எடுத்து வைத்திருந்தார்கள். அறிவிப்பு கேட்டுப் போனபோது கையில் அந்தப் பட்டியல் இருந்தது. இதைக் கவனியுங்கள்: "இங்கே நிறையப் பறவை வரும்" என்று சொல்வதற்கும், தேதி போட்ட பட்டியலை மேசையில் வைப்பதற்கும் அதிகாரிகளிடம் கிடைக்கும் மரியாதை வேறு.

திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே வந்து காலை ஆறரை மணிக்குக் கரையில் நில்லுங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று சம்புக்குருத்தைப் பிடுங்கி, ஒரு காலால் கையைப் போலப் பிடித்துக்கொண்டு, தோலை உரித்துத் தின்னும். பக்கத்தில் ஆகாயத்தாமரை இலைகள் மேல் இலைக்கோழி நீண்ட விரல்களை அகட்டி வைத்து நடக்கும். மரக்கிளையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும். ஒரு பள்ளிக்கூட வகுப்பை ஒரு தடவை இங்கே கூட்டிவந்தால் போதும், அந்தப் பிள்ளைகள் அடுத்த வாரம் பெற்றோரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சிங்காநல்லூரில் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. நகரத்தின் கழிவுநீர் சேரும் நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் குளம் அது. தண்ணீர் இன்னும் சுத்தமாக வேண்டும்.

ஆயிரம் மரக்கன்று நட நன்கொடையாளர் தயாராக இருக்கிறார். நடலாமா?

எங்கே என்பதைப் பொறுத்தது. நீர்ப்பிடிப்புப் பரப்புக்குள் வேண்டாம். வற்றிய குளத்தின் வெறுந்தரை "சும்மா கிடக்கும் இடம்" போலத் தெரியும். உள்ளானுக்கும் ஆள்காட்டிக்கும் அந்த வெறுந்தரைதான் வீடு. மண்கரையின் மேல் பெரிய மரம் வைத்தால், வேர் மடிந்த வழியில் நீர்க்கசிவு உண்டாகும், காற்றில் சாய்ந்தால் கரையையும் பிடுங்கிக்கொண்டு போகும். கரைக்குப் பனை நம் பழைய தேர்வு. கரைக்கு வெளியே நாவல், புங்கன், நீர்மருது, இலுப்பை வையுங்கள். தண்ணீரில் நின்று பிழைக்கும் மரம் வேண்டுமென்றால் நீர்க்கடம்பு இருக்கிறது. வேடந்தாங்கலில் ஏரிக்குள் நிற்கும் அந்த மரங்களில்தான் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. ஆயிரம் கன்றை நட்டு விட்டுவிடுவதை விட, நூறை நட்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றுவது நல்லது. நன்கொடையாளரிடம் அதற்குக் காசு கேளுங்கள்.

சீமைக் கருவேலத்தை மொத்தமாக வெட்டிவிடலாமா?

அகற்ற வேண்டியதுதான். ஆனால் குளத்துக்குள் வேறு மரம் இல்லாத இடங்களில் கொக்கும் நாரையும் அதில்தான் கூடு வைத்திருக்கும். குஞ்சுகள் பறந்த பிறகு, பகுதி பகுதியாக வெட்டி, நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ எழுந்து வந்ததும் மிச்சத்தை எடுங்கள்.

மீன் குத்தகையை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பரிசலில் வலை போடுகிறவர்களுக்குக் குளத்தின் உடம்பு நம்மை விட நன்றாகத் தெரியும். தண்ணீர் கெட ஆரம்பித்தால் முதலில் சொல்வது அவர்கள்தான். அவர்களைத் திட்டக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். குத்தகை விதியில் மூன்று விஷயம் சேர்த்தால் நல்லது: பறவைகள் கூடு வைக்கும் பகுதிக்கு வலை வேண்டாம், கிழிந்த வலையைக் குளத்தில் விடக் கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது. அந்தக் கெளுத்தி 2000-லேயே தடை செய்யப்பட்டது. விரால், கெண்டை குஞ்சுகளையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும். வீட்டுத் தொட்டி மீனையும் "புண்ணியம்" என்று குளத்தில் விடாதீர்கள்.

விநாயகர் சிலை கரைப்பதை என்ன செய்வது?

முத்தண்ணன் குளமும் குறிச்சிக் குளமும் கோவையில் வழக்கமான இடங்கள். பக்திக்குத் தடை சொல்ல யாரும் வரவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 நெறிமுறைகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையையும் ரசாயனச் சாயத்தையும் கூடாது என்கின்றன. களிமண் சிலை, கரைக்கத் தனித் தொட்டி, மாலையும் துணியும் முன்பே எடுத்துவிடுதல் என்றால் சிக்கலில்லை. விழாக் குழுவினரிடம் சிலை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பேசுங்கள், கரைக்கும் நாளில் போய் நிற்பதால் சண்டைதான் வரும்.

கரையில் குடியிருப்பவர்களை அகற்றினால்தானே குளம் மீளும்?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. வாலாங்குளம், முத்தண்ணன் குளம் கரைகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் மலுமிச்சம்பட்டி, கீரணத்தம், வெள்ளலூர் போன்ற இடங்களில் உள்ள அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வெள்ள ஆபத்து இல்லாத கெட்டி வீடு கிடைத்தது உண்மை. வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் நடந்து போனவர்கள் பஸ் மாறிப் போக வேண்டியதானதும், பிள்ளைகளின் பள்ளி பாதியில் மாறியதும் உண்மை.

குளம் அவர்களால் மட்டும் சுருங்கவில்லை. அரசுக் கட்டடங்கள், பேருந்து நிலையங்கள், சாலைகள், தனியார் மனைப்பிரிவுகள் என்று பெரிய பரப்பை எடுத்தவை தமிழகம் முழுக்க வேறு. ஏழைகளின் வீட்டிலிருந்து தொடங்கி அங்கேயே முடியும் ஆக்கிரமிப்பு அகற்றலை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வேலைக்குப் போகும் தூரத்தில் வீடு, கல்வியாண்டு முடிந்த பிறகு மாற்றம், முன்கூட்டியே பேச்சு. குளத்துக்காக வேலை செய்யும் அமைப்புகள் இதைத் தங்கள் கோரிக்கையிலேயே சேர்த்து எழுத வேண்டும்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது, ஆனால் எந்தச் சட்டம் எந்தக் குளத்துக்கு என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007-ல் வந்தது. பொதுப்பணித் துறையின் (இப்போது நீர்வளத் துறையின்) பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கு அது பொருந்தும்: அளந்து, எல்லை குறித்து, நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். உள்ளாட்சிகளின் குளங்களுக்கு உள்ளாட்சிச் சட்டங்களும் வருவாய்த் துறைச் சட்டமும்.

மத்திய அரசின் 2017 சதுப்புநில விதிகள் பலமானவை. அறிவிக்கப்பட்ட சதுப்புநிலத்தில் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டடம் கூடாது. ஆனால் பாசனத்துக்காகவே மனிதர் வெட்டிய குளங்களை அந்த விதிகளின் வரையறை வெளியே விட்டுவிடுகிறது. நம் ஊர் ஏரிகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டவை. இது பெரிய ஓட்டை. நீதிமன்றங்கள் ஓரளவு கைகொடுத்திருக்கின்றன. குளம், குட்டைகள் சமூகத்தின் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் சொன்னது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2005-ல் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

மனு யாரிடம், எந்த ஆவணத்தோடு?

முதலில் குளத்தின் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது என்ன வகைப்பாடு, எத்தனை ஹெக்டேர் என்று இருக்கும். புலப்படம் எடுங்கள். வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருக்கலாம், அதையும் சேர்த்து எடுங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். யாருடைய பராமரிப்பு என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. நீர்வளத் துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா என்று தெரிந்ததும், சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நடச் சொல்லித் தாசில்தாருக்கு எழுதுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். பத்தை ஒன்றாக எழுதினால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.

அமைப்பு எதிலும் இல்லை. தனி ஆளாக என்ன செய்யலாம்?

மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் போட்டோ எடுங்கள். நீர்மட்டம், நிறம், நாற்றம், களை, பறவைகள் என ஐந்து வரி எழுதி வையுங்கள். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் குளத்தையும் சேர்த்துவிடுங்கள். ஆரம்பநிலைக்காரர்களுக்கும் இடமுண்டு. பறவைகளுக்குப் பொரியும் பிஸ்கட்டும் போட வேண்டாம். சிவகங்கை மாவட்டக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளத்தை ஒட்டிய உங்கள் வீதியில் அதைப் பேசிப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் யார் பார்த்துக்கொள்வது?

திட்டம் போடும்போதே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது, கடைசியில்தான் கேட்கிறார்கள். கட்டுமானத்துக்குக் கோடிகள் வரும், பராமரிப்புக்கு வராது. குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும்: முழுநேரக் காவலர், மாதாமாதம் களை எடுக்கும் ஆட்கள், ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்துக்குள் வாய்க்கால் துப்புரவு, மதகு ஷட்டருக்கு கிரீஸ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீர்ப் பரிசோதனை, அதன் முடிவைக் கரையில் போர்டில் எழுதி வைத்தல். படகுக் கட்டணமும் பார்க்கிங் வசூலும் பொதுக் கணக்கில் கரையாமல் அதே குளத்துக்குத் திரும்பும்படி மாமன்றத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது, மழை வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அதே போர்டில் இருக்கட்டும்.